மெட்ராஸ் நமக்குப் புதுசில்லீங்க

சென்னைக்கு முதல் முறையாகத் தனியே வந்திறங்கும் ஆசாமியைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். ஊருக்குப் புதுசு என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று பாடுபடுகிற முகம் அத்தனை ஜனத்திலும் அவர் ஒருவருக்குத்தான் இருக்கும். சென்னைக்காரர்கள் யாரும் சென்னைக்காரர் மாதிரி நடந்துகொள்வதில்லை. அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரமில்லை.

அவர் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். பேச்சு வசதிக்காகத் திருப்பூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து சொச்சம். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். எப்போதோ சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேனில் வந்து, மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதே வேனில் ஊர் திரும்பியவர். "மெட்ராஸ் நமக்குப் புதுசில்லீங்க" என்று ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் அவர் சொல்வதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்த வேன்தான்.

கிளம்புவதற்கு முதல் நாளே பணத்தைப் பங்கு பிரித்துவிட்டார். பேண்டுக்குள் ரகசியப் பையில் ஒரு பங்கு, பனியனுக்கு உள்பக்கம் தைத்த பையில் ஒரு பங்கு, தோள்பையில் துண்டுக்கு அடியில் ஒரு பங்கு. திருடன் எந்தப் பக்கம் வந்தாலும் மிச்சம் இரண்டு பங்கு தப்பிக்கும் என்பது ஏற்பாடு. அன்றைக்குச் செலவு முழுவதையும் அவர் ஜிபேயில்தான் செய்யப்போகிறார் என்பது வேறு விஷயம். அந்த போன் சட்டைப் பையிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறது.

சேரன் எக்ஸ்பிரஸ் விடிகாலையில் சென்ட்ரலில் கொண்டுவந்து விட்டது. 1873ஆம் ஆண்டுக் கட்டடம். 2019இலிருந்து அதன் முழுப்பெயர் 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம்'. இவர் அந்தப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் நான்கு ஆட்டோக்காரர்கள் வந்து பேரம் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். வெளியே வந்ததும் பக்கத்தில் பளிச்சென்று வெள்ளைக் கட்டடம். போட்டோ எடுத்து, 'கோர்ட்டு' என்று எழுதிக் குடும்ப குரூப்பில் போட்டார். அது ரிப்பன் மாளிகை. 1913இல் திறந்த மாநகராட்சிக் கட்டடம். கோர்ட்டு சிவப்பு. குரூப்பில் யாருக்கும் அது தெரியாததால் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

லாட்ஜ் மேனேஜர் தலை நிமிராமலே கேட்டார்: "எத்தினி பேரு?"

"ஒருத்தருங்க."

இப்போது நிமிர்ந்தார். நாலு பேராக வந்தால் நாலு பேரும் யார் என்று எந்த லாட்ஜிலும் கேட்க மாட்டார்கள். ஒருவராக வந்தால்தான் சந்தேகம். ஆதார் ஜெராக்ஸ் வாங்கி, அந்தப் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, ரிஜிஸ்தரை நகர்த்தினார். 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம். ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதினால் புதுசு என்று காட்டிக்கொடுத்துவிடும். 'பிசினஸ்' என்று எழுதினார். (தனியாக வருவது பெண்ணாக இருந்தால் அந்தக் கட்டம் போதாது. கூட யார், பார்க்க வருவது யார், வீட்டுக்குத் தெரியுமா என்று வாய்மொழித் தேர்வும் உண்டு.)

இனித் தி.நகர். மனைவி தந்த பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கேதான். சென்ட்ரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷனில் ஏறினால் மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்பதாவது! போன் எதற்கு இருக்கிறது? சுரங்கப்பாதைக்குள் போன் 'தென்மேற்கு நோக்கிச் செல்லவும்' என்றது. வெயிலைப் பார்த்தால் தெக்கால எது, மேக்கால எது என்று நொடியில் சொல்லிவிடுவார்; தரைக்கு அடியில் சூரியனுக்கு எங்கே போவது? மெட்ரோ வாசல் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி வாசல் ஒரு பக்கம், தொப்பி விற்பவர் ஒரு பக்கம். எந்த வாசலில் ஏறினாலும் ரோட்டுக்கு அந்தாண்டையே வந்தார். கடைசியில் 'பார்க்' என்று ஆரம்பித்த பலகையைப் பார்த்து ஏறிவிட்டார். முழுதாகப் படித்திருந்தால் அது 'பார்க் டவுன்'. பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள்தான், ஆனால் போகிற திசை வேறு. இது 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில், வேளச்சேரிக்குப் போகிறது.

சிந்தாதிரிப்பேட்டை தாண்டி, மொட்டைமாடிகளில் துணி காய்வதற்குச் சமமாக ரயில் போனபோதுதான் சந்தேகம் தட்டியது. சேப்பாக்கம் வந்தது, திருவல்லிக்கேணி வந்தது, மாம்பலம் வருவதாகக் காணோம். பக்கத்தில் இருந்தவர், "எங்க சார் எறங்கணும்?" என்று தற்செயலாகக் கேட்டார். அடுத்து வருவது கலங்கரை விளக்கம் என்று பெட்டிக்குள் அறிவிப்பு வந்த நேரம்.

"கலங்கரை விளக்கந்தானுங்க. பீச்சுக்கு."

பக்கத்தில் இருந்தவர் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் சொன்ன சொல்லுக்கு மரியாதை தந்து இறங்கித்தானே ஆகவேண்டும்!

காலை பத்து மணிக்கு மெரினாவுக்குப் போகிறவர்கள் இரண்டே ஜாதி. ஒன்று காதலர்கள், இன்னொன்று ரயில் மாறி ஏறியவர்கள். ரோட்டிலிருந்து அலை வரைக்கும் மணலில் நடந்து முடிப்பதற்குள் செருப்பு இரண்டு கிலோ கூடியிருந்தது. குதிரைக்காரர் மட்டும் அக்கறையாக, "ஒரு ரவுண்டு போலாமா சார்?" என்று கேட்டார். கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு செல்பி. தனியாக வந்தவர் எடுக்கும் செல்பியில் முக்கால்வாசி நெற்றியும் கால்வாசி வங்காள விரிகுடாவும் இருக்கும்.

அடுத்து ஆட்டோ. எல்.ஐ.சி.க்கு எவ்வளவு என்று இவர் கேட்க, டிரைவர் பதிலுக்கு, "ஆப்ல எவ்ளோ சார் காட்டுது?" என்று கேட்டார். முன்பெல்லாம் விலையை அவர்கள்தான் சொல்லவேண்டும்; இப்போது அந்தப் பாவத்தையும் நம் தலையில் கட்டிவிட்டார்கள். 2013இல் அரசு நிர்ணயித்தது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இவர் அதை ஊரிலேயே மனப்பாடம் செய்துவிட்டார். டிரைவருக்கும் மனப்பாடம்தான். இருவருமே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

எல்.ஐ.சி. கட்டடத்துக்கு 14 மாடி. 1959இல் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது. இன்றைக்கு நாவலூர் பக்கம் சாதாரண அடுக்குமாடியே அதை எட்டிப் பார்க்கும். ஆனால் சின்ன வயதில் கேட்ட கதை விடுமா? மெட்ராஸுக்குப் போய் மாடி எண்ணாமல் திரும்பினால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது? அண்ணாந்து நின்று எண்ணினால் பட்டிக்காட்டான் என்பார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டார். "ஆமாங்க... சரீங்க... ஏழு... இல்லீங்க, எட்டு..." என்று பேசிக்கொண்டே எண்ணி முடித்தார். அண்ணா சாலையில் அந்த நேரத்தில் போன ஆயிரம் பேரில் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. இந்த ஊர் தன்னைக் கவனிக்கிறது என்று அவர் காலையிலிருந்து நம்பிக்கொண்டிருப்பதுதான் சென்னைக்கு அவர் தந்த மிகப்பெரிய மரியாதை.

சாப்பாட்டு நேரம். தனியாளுக்கு என்று ஓட்டலில் மேஜை கிடையாது. ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும் மேஜையின் நாலாவது நாற்காலிதான். அவர் உட்கார்ந்ததும் அந்தக் குடும்பம் பேச்சை நிறுத்திவிட்டது. சாம்பார் முடிந்து, ரசத்துக்கு முன்னால் விக்கல் வந்து, வாய் கொப்பளிக்கப் போகவேண்டிய நிலைமை. பையை யார் பார்த்துக்கொள்வது? தனியாக வந்தவர்களின் தலையாய பிரச்சினை உலகம் முழுக்க இதுதான். பையோடே எழுந்து போனார். திரும்பி வந்தால், இலையை எடுத்து மேஜையைத் துடைத்து, அந்த நாற்காலியில் வேறொருவர் "ஒரு மீல்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ரசமும் மோரும் பாக்கி என்று சண்டை போட்டிருக்கலாம். சென்னைக்காரர் இதற்கெல்லாம் சண்டை போடமாட்டார் என்று அவராகவே முடிவுகட்டிப் பில்லைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். உண்மையான சென்னைக்காரர் பாயசம் வரைக்கும் வாங்காமல் விட்டிருக்க மாட்டார்.

ஒருவழியாக பஸ்ஸில் தி.நகர். இந்த நகர் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் 1920களில் அமைந்தது. வீடு கட்டிக் குடியிருக்கப் போட்ட தெருக்கள். ரங்கநாதன் தெருவில் நாம் நடப்பதில்லை. முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் சேர்ந்து நம்மைக் கொண்டுபோகிறார்கள். உஸ்மான் ரோட்டில் நுழைந்தவரைக் கூட்டம் அப்படியே மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. காலையில் வந்திறங்கியிருக்க வேண்டிய இடத்துக்கு மத்தியானம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்.

ஜவுளிக்கடை வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தந்தார்கள். காலையிலிருந்து மார்போடு அணைத்திருந்த பை! அதைப் பிரிந்த கையோடு புடவை மாடிக்குப் போனார். விற்பனைப் பெண் கனிவாகக் கேட்டது:

"வீட்ல என்ன கலர்ணா?"

"மொதல்ல மஞ்சள் அடிச்சிருந்தமுங்க. போன தைக்குத்தான் ரோஸ் மாத்துனோம்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணிய கேட்டேண்ணா" என்றது. சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் அண்ணிக்கு வீடியோ காலும் போடச் சொன்னது. "ஏனுங், அந்தக் கோடியில மூணாவதா இருக்குதே, அத எடுக்கச் சொல்லுங்" என்று திருப்பூரிலிருந்து குரல் வந்தது. ஐந்து நிமிஷத்தில் அக்காவும் தங்கையுமாகிவிட்ட அந்த இருவரின் பேச்சுவார்த்தையில் இவருடைய பங்கு போனை ஆடாமல் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும். "கொஞ்சம் மேல தூக்குங். ஒங்க வெரலு தெரியுது" என்பதுதான் அவரிடம் நேரடியாகப் பேசிய ஒரே வாக்கியம். அப்புறம் பில் போட ஒரு வரிசை, பணம் கட்ட ஒரு வரிசை, துணியை வாங்க ஒரு வரிசை, வாசலில் பில்லில் ஓட்டை போட ஒரு வரிசை. டோக்கனைக் கொடுத்துப் பையை மீட்டபோது ஜிப்பைத் திறந்து பார்த்துக்கொண்டார். துண்டுக்கு அடியில் மூன்றாவது பங்கு பத்திரம்.

பட்டியலில் இல்லாத ஒன்றை வாங்கினால்தானே சொந்தமாக ஷாப்பிங் செய்ததாக அர்த்தம்? பாண்டி பஜார் பக்கம் நடைபாதையில் டீ ஷர்ட் குவித்திருந்தார்கள்.

"வா சார், மூணு ஐநூறு. எக்ஸ்போர்ட் குவாலிட்டி, திருப்பூர் சரக்கு."

கையில் எடுத்தார். இருபது வருஷமாக செக்கிங் மேஜையில் நின்ற விரல்கள் தாமாகவே தோள் தையலுக்குப் போயின. ஒரு இடத்தில் ஓவர்லாக் விட்டுப்போயிருக்கிறது. கழுத்துப் பட்டி கால் அங்குலம் கோணல். லேபிளைக் கத்தரித்த அடையாளம் தெரிகிறது. செகண்ட்ஸ்! இந்த மாதிரி பீஸை அவரே தினமும் ஒதுக்கித் தள்ளுகிறார். கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பதும் தெரியும். அத்தனை பெரிய கடைவீதியில் அவருக்கு முழுசாகத் தெரிந்த ஒரே சரக்கு இது. "நான் திருப்பூருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலை பாதிக்கு இறங்கியிருக்கும், ஒரு டீயும் கிடைத்திருக்கும்.

ஆனால் அப்படிச் சொன்னால் வெளியூர் என்று தெரிந்துவிடுமே!

"நானூறு" என்றார், நாக்கைச் சுழற்றிச் சென்னைக் குரலில்.

"கட்டுப்படியாவாது சார். ஊர்லேர்ந்து வந்துகிறீங்க, ஒங்களுக்காவ நானூத்தி எம்பது."

காலையிலிருந்து காத்துவந்த ரகசியம் இருபது ரூபாய் தள்ளுபடியில் உடைந்தது. வாய் பேசாமல் ஸ்கேன் செய்துவிட்டு வந்தார். மூன்று சட்டைகளும் மறுநாள் இரவு அதே சேரனில், வந்த வழியே திருப்பூருக்குப் போகும். மச்சானுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. "மெட்ராஸ்ல எடுத்தது, நம்மூர்ல இந்த ஐட்டம் வராதுங்க."

அந்த வாரத்திலிருந்து ஊரில் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் இவரிடம்தான் வழி கேட்பார்கள். இவரும் பார்க் வேறு, பார்க் டவுன் வேறு என்பதை விரல் நீட்டி விளக்குவார். தனியாகச் சுற்றிய ஒரு நாளில் அவர் கற்ற உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். அதுவும் யாரையும் கேட்காததால் கற்றது.

சென்னைவாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். சுரங்கப்பாதை வாசலில் போனை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டு ஒருவர் நின்றால், "ஊருக்குப் புதுசா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உயிரே போனாலும் இல்லை என்றுதான் சொல்வார். "எங்க போகணும்?" என்று கேளுங்கள், போதும். வழி தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "நேராப் போய் லெப்ட்" என்று அளந்துவிடாமல், தெரியாது என்று சொல்லுங்கள். நம்மில் பாதிப் பேர் இந்த ஊருக்கு ஒரு காலத்தில் பையை மார்போடு கட்டிக்கொண்டு வந்திறங்கியவர்கள்தானே.