தடை வந்தால் வாசகர் வருவார்

மலேசியத் தமிழ் நாவலுக்கு விளம்பரம் செய்ய உள்துறை அமைச்சை விட்டால் ஆளில்லை. ம. நவீனின் ‘பேய்ச்சி’ வந்தது 2019இல்; ஆபாசம் என்று தடை வந்தது 2020 டிசம்பரில். ஊர் முழுக்க இலக்கிய ஆர்வம் வந்தது அதற்குப் பிறகுதான்.

பாச்சாங் தாமான் வீடொன்றில் வாசகர் வட்டம் கூடுவதாக வைத்துக்கொள்வோம். கூடம் நிறைந்திருக்கும், நாவல் மட்டும் இருக்காது. 1984 அச்சக, வெளியீட்டுச் சட்டப்படி, தடைசெய்த நூலைத் தக்க காரணமின்றி வைத்திருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம். படிக்காமல் வருவதற்கு இவ்வளவு கௌரவமான சாக்கு எந்த நாட்டு வாசகருக்குக் கிடைக்கும்?

“ஐயா, அந்த மாதிரி எழுதியிருக்காராமே, எந்தப் பக்கம்?”

“நான் படிக்கலம்மா. ஆனா வன்மையா கண்டிக்கிறேன்,” என்பார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

கெடா லுனாஸில் தோட்ட மக்களைக் கொன்ற விஷச்சாராயம்தான் நாவலின் பின்னணி. அதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். சாராயச் சாவில் ஆபாசம் ஏது?

அடுத்த மாத நாவலுக்குத் தடை எதுவும் இல்லை. மீ கோரெங் பாதி போதும் என்று வீட்டம்மா இப்போதே சொல்லிவிட்டார்.