சட்டம் போட்ட சான்றிதழ்

தம்பி, மேலநீலிதநல்லூரில் பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று முழிக்கிறாயா? ஊரிலேயே தேவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. ஆனால் அங்கே மூன்று வருடம் படித்து வாங்கும் பட்டத்தை ஒருத்தரும் வாடகைக்குக் கேட்க மாட்டார்கள். நீ டி.பார்ம். படி. இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணக்கோ எடுத்திருந்தால் போதும். இரண்டு வருடப் படிப்பு, 500 மணி நேரப் பயிற்சி, அப்புறம் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு. அதோடு உன் பாடு முடிந்தது. நீ வேலைக்குப் போக வேண்டாம். உன் சான்றிதழ் போகும்.

அதை ஒரு மருந்துக் கடைக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். நீ கோயம்புத்தூரில் ரெப் வேலை பார்க்கலாம், துபாயில் ஒட்டகம்கூட மேய்க்கலாம். சான்றிதழ் லீவு கேட்காது, போனஸ் கேட்காது, 'இந்தச் சீட்டில் டாக்டர் கையெழுத்து இல்லையே' என்று கேட்டு வியாபாரத்தைக் கெடுக்காது. இவ்வளவு தங்கமான ஊழியரை எந்த முதலாளிதான் வேண்டாமென்பார்?

அப்படியானால் மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார்? பத்தாவதோடு நின்றுபோன பக்கத்துத் தெருப் பையன். அமெரிக்காவில் மருந்தாளுநருக்குக் கீழே டெக்னீசியன் என்று ஒருவர் உண்டு. அவர் எடுத்து வைத்த மருந்தை மருந்தாளுநர் சரிபார்த்த பிறகுதான் நோயாளி கைக்குப் போகும். பிரிட்டனில் 2011 முதல் அந்த டெக்னீசியனும் பதிவு செய்தாக வேண்டும். நம் பார்மசி சட்டத்தில் அப்படி ஒரு ஆளே கிடையாது. சட்டத்தில் இல்லாத அவன் கடையில் நிற்கிறான். சட்டத்தில் இருக்கிற நீ கடையில் இல்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த மெடிக்கல் வாசலிலும் நின்று பார். நூறுநாள் வேலையோ தறியோ முடித்து வந்த அக்கா, "தம்பி, மேலுக்கு முடியல, ரெண்டு செட் மாத்திரை குடு" என்பாள். பையன் கத்தரிக்கோலை எடுப்பான். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, கூடவே ஒரு பொடி மாத்திரை. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டு அட்டையோடு நின்றுவிடும். காகிதக் கவரில் விழுவது அநாமதேயம். அந்தப் பொடி மாத்திரை பல ஊர்களில் ஸ்டீராய்டு. மறுநாள் காலையில் வலி பறந்திருக்கும். 'பையன் கைராசிக்காரன்' என்று தெருவே பேசும். மாதக்கணக்கில் அதை விழுங்கினால் சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து. இதையெல்லாம் எடுத்துச் சொல்லப் படித்தவன் நீ. நீதான் சுவரில் தொங்குகிறாயே!

சட்டம் தூங்கவில்லை, பாவம். 1948-லேயே பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு, பதிவு பெறாதவர் மருந்து கொடுத்தால் ஆறு மாதம் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் என்றது. 2023-இல் திருத்தி, சிறையை மூன்று மாதமாகக் குறைத்து அபராதத்தை இரண்டு லட்சமாக்கினார்கள். திருத்திய சட்டத்துக்குப் பெயர் 'ஜன் விஸ்வாஸ்', அதாவது மக்கள் நம்பிக்கை! 2015-இல் வந்த பார்மசி தொழில் விதிகள் மருந்தாளுநருக்கு வெள்ளைக் கோட்டும் பெயர் வில்லையும் கொடுத்தன. உரிமம் கேட்டால் கடை பத்து சதுர மீட்டர் இருக்கிறதா என்று அளக்கிறார்கள், ஃபிரிட்ஜ் எங்கே என்று பார்க்கிறார்கள். ஆள் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் சான்றிதழே பதில். 2022 நவம்பரில் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்து கொடுப்பது மக்கள் உயிரோடு விளையாடுவது என்று கடிந்துகொண்டது. பீகாரைத்தானே சொன்னார்கள் என்று நாம் இருந்துவிட்டோம்.

நம் அரசு ஒரு படி மேலே போனது. 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள். மலிவு விலையில் மருந்து, நல்ல காரியம். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் விண்ணப்ப அறிவிப்பைப் படித்தாயா? பி.பார்ம்., டி.பார்ம். முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம், அல்லது அவர்களின் ஒப்புதலோடு மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒப்புதல்! ஊர் மெடிக்கலில் திரைக்குப் பின்னால் நடந்துவந்ததற்கு இவ்வளவு கௌரவமான ஒரு பெயரை நான் கேட்டதேயில்லை.

உன்னையும் முழுக்கக் குற்றம் சொல்ல மனமில்லை. அரசு வேலைக்கு 2022-இல் அழைத்தது 889 பேரை. 2025-இல் 425 பேரை. ஆண்டுதோறும் கல்லூரிகள் துப்பும் கூட்டத்தில் மிச்சமானவர்களுக்குச் சுவர்தான் கதி. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் கிடைக்கும் சம்பளம் வீட்டில் படுத்திருந்தால் வரும் வாடகையைவிட ஒழுங்காக இருந்தால் எவன் சான்றிதழை மட்டும் அனுப்புவான்? ஆனால் ஒன்று, அந்த அக்காவின் ஊதிய முகத்தில் உன் பதிவு எண்ணும் இருக்கிறது.

மருந்து ஆய்வாளர் ஐயா, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பகல் பதினொரு மணிக்கு, சொல்லிவைத்துக்கொண்டு, ஜீப்பில் வராதீர்கள். சாயங்காலம் ஏழரை மணிக்கு மினி பஸ்ஸில் வந்து இறங்கி, மேலுக்கு முடியவில்லை என்று ரெண்டு செட் மாத்திரை கேளுங்கள்.