ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்றார்கள் பெரியவர்கள். இப்போது செல்வம் சேரும் என்று வாஸ்து பார்த்து, காசு கொடுத்தே புகுத்துகிறோம். உள்ளங்கையில் அடங்கும் சிவப்புக்காது ஆமைக்குஞ்சு ஓர் அடி வரை வளரும். 30 ஆண்டுகூட வாழும். வீட்டுக் கடனே அதற்குள் அடைந்துவிடும். நாம் தரும் அரண்மனையோ, பிளாஸ்டிக் தென்னை நட்ட கண்ணாடிக் கிண்ணம். ஏறிக் காய மேடை, வடிகட்டி, நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர், புற ஊதா விளக்கு எல்லாம் வேண்டும் என்றால், “ஜன்னல் வெயில் போதாதா?” என்கிறார்கள். ஓட்டுக்கு உரமூட்டும் கதிரை ஜன்னல் கண்ணாடியே தடுத்துவிடும், ஓடு இளகிப்போகும். அலுத்துப்போய் ஏரியில் விட்டாலோ நாட்டு ஆமைகளின் பிழைப்பில் மண். செல்வம்தான் வேண்டுமென்றால் பித்தளை ஆமை வாங்குங்கள். துடைக்க ஒரு துணி போதும்.