செவ்வாயில் கால்வாய் வெட்டிய கோடீஸ்வரர்

1877. இத்தாலியின் மிலான் நகரில் ஸ்கியாபரெல்லி என்ற வானியலாளர் டெலஸ்கோப்பில் செவ்வாயைப் பார்த்து, மெல்லிய கோடுகள் தெரிவதாகச் சொன்னார். அவற்றுக்கு 'கனாலி' என்று பெயரும் வைத்தார். தானாக அமைந்த பள்ளத்துக்கும் வாய்க்காலுக்கும்கூடப் பொருந்தும் சாதுவான வார்த்தை. ஆங்கிலத்தில் அது 'கெனால்' ஆகிவிட்டது. கெனால் என்றால் யாரோ வெட்டியிருக்க வேண்டுமே! செவ்வாயில் முதல் குடியிருப்பு கட்டிய புண்ணியம் மொழிபெயர்ப்பைச் சேரும்.

உள்ளே வருகிறார் பெர்சிவல் லோவெல். பாஸ்டனில் பரம்பரைப் பணக்காரர். ஹார்வர்டில் கணிதம் படித்து, ஜப்பானும் கொரியாவும் சுற்றி, புத்தகங்களும் எழுதியாகிவிட்டது. அடுத்து? நம்மூர் ஆள் என்றால் கல்யாண மண்டபம் கட்டியிருப்பார். இவர் 1894இல் அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃபில், சொந்தக் காசில், செவ்வாயைப் பார்க்க வானாய்வகம் கட்டினார்!

பார்க்கப் பார்க்கக் கால்வாய்கள் பெருகின, நூற்றுக்கணக்கில். செவ்வாய் காய்ந்துகொண்டிருக்கிறதாம். துருவப் பனி உருகியதும் செவ்வாய்வாசிகள் அந்தத் தண்ணீரைக் கடைமடை வரை கொண்டுபோகிறார்களாம். கிரகம் முழுக்க ஒரே பாசனம் என்பதால் அங்கே சண்டையே இருக்காது என்றும் அடித்துச் சொன்னார். நடுவர் மன்றம் இல்லை, கோர்ட் கேஸ் இல்லை. பாவம், மனிதர் ஆற்றுத் தண்ணீர் விவகாரம் எதையும் கிட்டத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஊரே நம்பியது. வேற்றுக் கிரகத்தோடு முதலில் பேசுகிறவருக்கு 1 லட்சம் ஃப்ராங்க் பரிசு என்று 1900இல் பாரிஸில் அறிவித்தார்கள். ஒரு கண்டிஷன்: செவ்வாய் செல்லாது. அது ரொம்ப ஈஸியாம்!

நம்பாதவர்களும் இருந்தார்கள். 1903இல் இங்கிலாந்தின் மாண்டர் என்ற வானியலாளர், பள்ளிப் பையன்களை உட்காரவைத்து, கால்வாயே இல்லாத செவ்வாய்ப் படங்களைப் பார்த்து வரையச் சொன்னார். சற்றுத் தள்ளி உட்கார்ந்த பையன்கள் புள்ளிகளையும் திட்டுகளையும் இணைத்து ஜோராகக் கால்வாய் வெட்டிக் கொடுத்தார்கள். லோவெல் அசரவில்லை. 'பொடியன் தியரி' என்று நக்கலடித்துவிட்டு டெலஸ்கோப்புக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் என் ஃபேவரிட், வெள்ளி விவகாரம்தான். நாள் முழுக்க மேகப் போர்வைக்குள் கிடக்கும் கிரகம் அது. தரையைப் பார்க்கவே முடியாது. லோவெல் பார்த்தார்! நடுவிலிருந்து சைக்கிள் கம்பிகள் போலக் கோடுகள் பிரிவதை, 1896இல், வரைந்தே காட்டினார். கூச்சம் குறையட்டும் என்று டெலஸ்கோப்பின் வாயை ரொம்பவே சுருக்கிவைப்பது அவர் வழக்கம். அப்படிச் செய்தால் அது கண் டாக்டர் கையிலிருக்கும் கருவி மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள் பின்னாளில் ஆராய்ந்தவர்கள். மனிதர் அத்தனை சிரத்தையாக வரைந்தது, பெரும்பாலும், தன் விழித்திரையின் ரத்தக் குழாய்களை!

1916இல் லோவெல் போய்ச் சேர்ந்தார். 1965இல் மரினர் 4 செவ்வாயை நெருங்கி 22 படங்கள் அனுப்பியது. குழிகள் இருந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை. நல்லவேளை, பார்க்க அவர் இல்லை. 'மார்ஸ் ஹில்' என்று பெயர் வைத்த அதே குன்றில், வானாய்வகத்துப் பக்கத்திலேயே உறங்குகிறார்.

அவருடைய 24 அங்குல டெலஸ்கோப் இன்றும் அங்கே இருக்கிறது, பொதுமக்களும் பார்க்கலாம். போனால் வெள்ளியையும் ஒரு பார்வை பாருங்கள். கோடு ஏதாவது தெரிந்தால் நாசாவுக்கு எழுத வேண்டாம். கண் டாக்டரிடம் காட்டுங்கள்.