நொய்யலில் ஒரு படகுத்துறை

திருப்பூரில் உல்லாசப் படகுத்துறை இல்லாதது பெருங்குறை. கடலே இல்லையே என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். கடலுக்கு வேண்டியது தண்ணீரும் உப்பும்தானே? துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி, அந்த நீரை நொய்யலில் விட்டு, நன்னீர் ஆற்றைப் பல ஆண்டுகள் கடலாகப் பழக்கியிருக்கிறது இந்த ஊர். அலைதான் பாக்கி.

நிர்வாகம் ஊரின் பனியன் தொழில் வழக்கப்படியே. படகு ஒருவரிடம், துடுப்பு இன்னொருவரிடம், நங்கூரம் பல்லடத்தில் ஜாப் ஒர்க். கட்டணம் தொண்ணூறு நாள் கடன். பாய்க்குப் பனியன் துணியே போதும். காற்றடித்தால் நீளும், அது வேறு விஷயம்.

சவால்களும் உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாதென்ற நிபந்தனையோடு மீண்டும் திறந்தவை, தண்ணீரையும் உப்பையும் பிரித்துத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன. கடலின் மூலப்பொருளையே பதுக்கும் கொடுமை! மழை இரவுகளில் மட்டும் சில தர்மவான்கள் ரகசியமாகக் கைகொடுப்பதாகக் கேள்வி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட 50 சதவீத வரியும் நன்மைக்கே: ஏற்றுமதியாளர்களுக்குப் படகு விட நேரம் கிடைத்தது.

துறைக்கான இடம், நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை. பாசன அணையில் படகு விட்டால் விவசாயிகள் சண்டைக்கு வருவார்களே என்று அஞ்ச வேண்டாம். மற்ற ஊர்களில் அணையைத் திறக்கச் சொல்லி மறியல் செய்வார்கள். இங்கே, தேங்கிய சாயநீரைத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடியவர்களே அவர்கள்தான்.