பத்து அல்பமும் ஒரு மூத்தம்மாவும்

மனே, இந்த வருஷம் நீ புதிசாக் கேட்டுப் புடிச்ச பத்து அல்பத்துக்கு லிஸ்ட் போட்டு ஸ்டேட்டஸில வெச்சிரிக்காயாம். மருதமுனையில இரிந்து மாவடிப்பள்ளி வரைக்கும் கதை போயிட்டு. சந்தோசம். கணக்கும் நீ பாக்கல்லயாம், 2021ல இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபை இத்தின மணித்தியாலம் கேட்டாய் எண்டு எழுதிக் குடுக்குதாம். ரெண்டு தோளிலயும் இரிந்து எழுதிற மலக்குமார் பத்தாதெண்டு மூணாவதா ஒத்தர நீயே காசு கட்டி வெச்சிரிக்காய்!

லிஸ்ட வாசிச்சிப் பாத்தன். முதலாவதா ஐஸ்லாந்துக்காரங்கட ஒண்டு. நல்ல வேல செஞ்சாய். லிஸ்டுக்கு அழகே, ஊருல ஒத்தரும் கேட்டிராத ஒண்டு உச்சியில குந்தியிரிக்கிறதான். ஆரும் கேட்டா 'நல்லா இரிக்கி' எண்டு மட்டும் சொல்லிப் போடாத, மதிப்புக் கெட்டுப் போகும். 'அதில நிறைய லேயர் இரிக்கி காக்கா' எண்டு சொல்லு. அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.

மூணாவது ஆபிரிக்கா ட்ரம். அதுவும் சரிதான். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில கொடியேத்தம் நடந்த நேரம், நாகூர் ஆண்டகை பேரால பாவாமார் குந்தியிரிந்து றபான் தட்ட, நீ அந்த வெள்ளக் கொட்ட ரெண்டையும் காதுக்குள்ள சொருகிக் கொண்டு அவங்களக் கடந்து போனாய். என்னடா கேக்காய் எண்டா, 'ட்ரம் மூத்தாப்பா' எண்டாய். நான் ஒண்டும் பேசல்ல. பாட்டுக் கேக்கிற புள்ளயக் குழப்பப்படாது.

நாலாவது இளையராஜாட 'ஹவ் டு நேம் இட்'. 1986ல வந்த சாமான் அது. உன்ட வாப்பாக்கு மீச முளைக்காத காலம். பாடகர் இல்ல, வயலினும் மத்த வாத்தியங்களும்தான். தியாகராஜரையும் பாக் எண்ட ஜெர்மன்காரரையும் ஒரே பாயில இருத்தி வெச்ச அல்பம். கேசட் நம்மட அலுமாரியிலதான் கிடந்த. நாடா சிக்கினா பென்சிலக் குடுத்துச் சுத்துவம். 2004 டிசம்பர் 26 கடல் வந்து அலுமாரியோட கொண்டு போயிட்டு. அண்டைக்குப் போனதுக்குள்ள பாட்டக் கணக்குப் பாக்க ஒத்தருக்கும் மனசு வரல்ல. அதால உனக்கும் ஒத்தரும் சொல்லல்ல. இப்ப நீயாத் தேடி எடுத்திரிக்காய், அதுக்கு ஒரு பிளேன்டீ வாங்கித் தாறன்.

ஆனா நாகூர் ஹனீபா எங்க மனே? பத்துக்குள்ள காணல்ல. 'அது நோம்பு காலத்துப் பாட்டு மூத்தாப்பா' எண்டு சொல்லுவாய். 1925ல பிறந்து 2015ல மௌத்தான மனிசன். பள்ளி முத்தத்திலயும் பாடினார், தி.மு.க. மேடையிலயும் பாடினார். மைக் எல்லாம் அவருக்கு ஒரு மரியாதைக்குத்தான். மட்டக்களப்பு அமிர்தகழியில பிறந்த பாலு மகேந்திரா 1997ல 'ராமன் அப்துல்லா' படம் எடுக்கக்குள்ள, ஹனீபாவக் கூப்பிட்டுப் பாட வெச்சது ஆரு தெரியுமா? நீ நாலாம் இடத்தில வெச்சிரிக்கிற அதே இளையராஜாதான். இளையராஜாக்குப் பிடிச்ச குரல் உனக்குப் பழசாப் போச்சி.

சரி, ஆறாவதுக்கு வாறன். அதிலதான் எனக்குச் சிரிப்பு. அறிவு எண்ட பொடியன்ட 'வள்ளியம்மா பேராண்டி', 2024ல வந்தது. நானும் கேட்டன், உன்ட தங்கச்சிதான் போட்டுக் காட்டினா. நல்ல பொடியன். வள்ளியம்மாள் அவன்ட பாட்டி, நம்மட மலநாட்டுத் தேயிலத் தோட்டத்தில கொழுந்து பறிச்சிப்போட்டு இந்தியாக்குத் திரும்பிப் போன மனிசி. அந்தக் கிழவிட கதையும் பாட்டும்தான் அவனுக்கு முதல். பாட்டிட பேரையே அல்பத்துக்கு வெச்சிரிக்கான். அதுக்கு நீ அஞ்சி நட்சத்திரம் குடுத்திரிக்காய். அத நீ கேட்டுக் கொண்டிருந்த நேரம், குசினிக்குள்ள இரிந்து உன்ட மூத்தம்மா மூணு தரம் கூப்பிட்டா. உனக்குக் கேக்கல்ல.

அந்த மூத்தம்மாக்குக் கவி தெரியும் மனே. முந்தி வட்டைக்குள்ள காவல் பரணில இரிந்து ஒருவன் கவி எடுத்தா, அடுத்த பரணில இரிந்து மறுமொழி வரும். நாலு வரிதான். மச்சான் கெஞ்சிறது, மச்சி மறுக்கிற மாதிரிச் சம்மதிக்கிறது, மாமிக்கு ஒரு குத்து, எல்லாம் அதுக்குள்ள அடங்கும். பொண்டுகள் நெல்லுக் குத்தக்குள்ளயும் புள்ளய ஆட்டக்குள்ளயும் பாடுவாங்க. நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் இந்தக் கவிகளத் தேடிச் சேத்துப் புத்தகமாப் போட்டிரிக்கார். அந்த மனிசனுக்கு ஊர் கடன்பட்டிரிக்கு. ஆனா புத்தகத்தில வரிதான் இரிக்கும். இழுவை எங்க ஏறும், எங்க மூச்சு விடணும் எண்டதெல்லாம் அச்சுக்கு வராது. அது கிழவிமார்ட தொண்டைக்குள்ளதான் கிடக்கு, அதுக்கு இன்னொரு கொப்பி இல்ல.

இப்ப புத்தி சொல்றன், கேளு. அஸர் தொழுதிட்டு வெத்தில வட்டாவோட அவ குந்தியிரிக்கிற நேரமாப் பாத்துப் போ. ஃபோன்ல ரெக்கோடிங்க முதலே ஓன் பண்ணி அவக்கு முன்னால வை. 'எனக்கென்னடா கவி தெரியும், போய்ப் படிக்கிற வேலயப் பாரு' எண்டு சொல்லுவா. நம்பாத. கெஞ்சவும் வேணாம். தெரிஞ்ச கவி ஒண்ட எடுத்து, ரெண்டாம் வரியப் பிழையாச் சொல்லு. கவியில பிழ விட்டா அவவால பொறுக்க ஏலா. திருத்த வெளிக்கிட்டா எண்டா மஃரிபு வரைக்கும் நிப்பாட்ட மாட்டா.

ஒண்டு மட்டும் கவனம். வெள்ளாம வெட்டுக் காலத்தில கிட்ட வந்து வந்து நிண்டு, பேச வாய் வராம ஓடிப்போன ஒரு மச்சானப் பத்தி ஒரு கவி பாடுவா. அத மட்டும் ஸ்டேட்டஸில போடாத மனே, நான் இன்னம் கொஞ்சக் காலம் இந்த ஊருக்குள்ள நடக்கணும்.