தினம் மூன்று கிலோ அரிசி

சிவகாசிப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் மூன்று கிலோவுக்கு மேல் ரேஷன் அரிசி பொங்கிச் சாப்பிடுங்கள். தண்டுவடம் மூடிய பிள்ளை பெற அரசு காட்டும் வழி அதுதான்.

நம்பிக்கை இல்லையா? வகுத்துப் பாருங்கள். கரு உண்டாகும் முன்பிருந்தே ஒரு பெண்ணுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வேண்டும். செறிவூட்டிய அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125. இந்த அரிசித் திட்டம் 2022இல் ‘முன்னேற விழையும் மாவட்டங்களுக்கு’ வந்தது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் அந்தப் பட்டம் உண்டு. விழைந்துகொண்டே இருக்கிறது.

பள்ளியில் அரசு தரும் மாத்திரை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வாரம் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 2,800 மைக்ரோகிராம் என்கிறது. நம் மாத்திரையில் 500. மீதி 2,300-ஐ அவரவர் சாமர்த்தியத்தில் தேடிக்கொள்ள வேண்டும். படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறியவளுக்கு அந்த 500 கைக்கு வந்தாலே அதிர்ஷ்டம்.

கரு உண்டாகி 28 நாளுக்குள் சிசுவின் நரம்புக்குழாய் மூடிவிட வேண்டும். மேல்முனை மூடாவிட்டால் மூளை முழுதாக உருவாகாது, பிள்ளை தங்காது. கீழே மூடாவிட்டால் முதுகில் பிளவு, வலுவில்லாத கால்கள், பிறந்த கையோடு அறுவை சிகிச்சை. அந்த 28ஆம் நாளில் தாய்க்கு நாள் தள்ளி இரண்டு வாரம். பல பெண்களுக்குச் சந்தேகமே அப்போதுதான் வரும்.

அரசு எப்போது வருகிறது? 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. பதிந்தால் மாத்திரை அட்டை. அதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும். பிறகு சமுதாய வளைகாப்பு. பந்தல், சந்தனம், வளையல், கலவைச் சாதம். பிரமுகர் மைக்கைப் பிடித்துச் சத்துணவின் மகிமை பேசுவார். கல்யாணமான மறுநாளே மாத்திரை கொடுத்தால் படம் எடுக்க என்ன இருக்கிறது? வயிறு தெரிந்தால்தானே விழா!

நாள் பார்க்கத் தெரியாத ஊரா இது? தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் காலண்டர் அச்சடித்துத் தருகிற ஊர். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் ஒரு தாளில் அடங்குகிறது. கல்யாணப் பத்திரிகையும் இங்கே அச்சாகிறது. ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பதவி வரை அதில் இடம் உண்டு. “பொண்ணு இன்னையிலேருந்து தினம் ஒரு மாத்திரை போடணும்” என்ற ஒரு வரிக்கு மட்டும் இடம் இல்லை.

இது நேற்றுக் கண்டுபிடித்த ரகசியமும் இல்லை. ஏற்கெனவே இக்குறையோடு பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே சாப்பிட்டால், மறுபடி நேர்வது 72 சதவீதம் குறைகிறது என்று 1991இலேயே பிரிட்டிஷ் ஆய்வு சொல்லிவிட்டது. 1998 முதல் அமெரிக்கா மாவில் கலக்கிறது. அங்கே இக்குறை ஆயிரம் பிரசவத்தில் ஒன்றுக்கும் கீழே. இந்தியாவில் நான்கைந்து என்கின்றன தொகுப்பாய்வுகள். இந்த வித்தியாசத்துக்குக் கிரகம் காரணமில்லை. ஆனால் பிள்ளை பிறந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி: “கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?”

அப்புறம்தான் அரசுக்குக் கருணை பொங்கும். சான்று, அட்டை, ஜெராக்ஸ், வரிசை. கடும் பாதிப்பு என்று நிரூபித்தால் மாதம் 2,000 ரூபாய்.

திருமணப் பதிவு அலுவலகத்தில் சான்றிதழோடு ஓர் அட்டை மாத்திரையும் கொடுக்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. சிக்கல் வேறு. தன் பிள்ளைக்கு வராமல் போன குறைபாட்டை எந்தத் தாயும் அறியமாட்டாள். நன்றி சொல்ல வரமாட்டாள். கும்பிட ஆள் வராத வேலையை எந்த அரசு செய்யும்?